தினவும் மருந்தும்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு வரலாறு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. ஆரணியாறும் காளங்கியாறும் அதில் வந்து கலக்கின்றன. ஸ்ரீஹரிக்கோட்டை என்னும் நீண்ட மணல்திட்டு அதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஏரியின் தென்கரையில் அமைந்த குப்பங்களின் வரலாறு இதுவரை மீன், இறால், வலை ஆகியவற்றின் வரலாறாகவும், ஏரியின் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலைகட்டுவது என்பதை முறைவைத்துப் பங்கிடும் பாடு என்னும் ஏற்பாட்டின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அக்குப்பங்களில் வளர்க்கப்படும் ஆடுகள், கோடையில் நீர் வற்றிய ஏரிப்படுகையில் மேயும் மாடுகளும் எருமைகளும், மீன் காயும் களங்களைச் சுற்றித் திரியும் நாய்கள் ஆகியவற்றுக்கு அந்த வரலாற்றில் இடம் கிடைத்ததில்லை. ஆயினும் பிடிபாடு குறைந்த மாதங்களில் அடுப்பெரியக் காரணமாக இருப்பது பல குடும்பங்களில் ஓர் ஆட்டை விற்றுப் பெற்ற பணமே என்பதால், அவ்விலங்குகளின் உடல்நலம் அந்தக் கரையின் வரலாற்றுக்குப் புறம்பானது அன்று.

உப்பங்கழிக் கரை விலங்கின் தோலுக்கு எளிய இடம் அன்று. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தரை வாரக்கணக்கில் ஈரமாகக் கிடக்கிறது. சதுப்பிலும் சேற்றிலும் கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் பெருகி, அந்தி மயங்கும் நேரத்தில் கால்நடைகளின் முதுகிலும் வயிற்றின் அடிப்பகுதியிலும் மொய்க்கின்றன. உண்ணி, பேன், தெள்ளுப்பூச்சி ஆகியவை ஆண்டு முழுவதும் உள்ளன. தினவை உண்டாக்கும் தோல் நோய்களை இன்றைய மருத்துவம் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. பூச்சியோ நுண்ணுயிரியோ நேரடியாகத் தோலைக் கெடுப்பது முதல் வகை. பூச்சியின் எச்சில், மகரந்தம், உணவு போன்று பெரும்பாலான விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை ஒரு குறிப்பிட்ட விலங்கின் உடல் பகையாகக் கருதி மிகையாக எதிர்ப்பது இரண்டாம் வகை. இதுவே ஒவ்வாமை எனப்படுகிறது. நோயை எதிர்ப்பதற்காக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் உடலின் சொந்தத் தோலையே பகையாகக் கொண்டு தாக்குவது மூன்றாம் வகை. இதற்குத் தன்னெதிர்ப்பு நோய் என்று பெயர். இம்மூன்றும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். மயிர் உதிர்தல், தடிப்பு, பொருக்கு, ஓயாத சொறிதல் ஆகியவை மூன்றிலும் காணப்படலாம். ஆகவே இந்நோய்களுக்கான மருந்துகளின் வரலாறு, இம்மூன்றையும் மனிதர் மெல்ல மெல்லப் பிரித்தறிந்த வரலாறும் ஆகும்.

பழைய தமிழ் மருத்துவத்தில் இப்பிரிவினை இல்லை. மாட்டுவாகடம் என்னும் பெயரில் ஏட்டிலும் அச்சிலும் வழங்கிய கால்நடை மருத்துவ நூல்களும், அவற்றைப் படித்தறியாத நாட்டு வைத்தியர்களின் கைமுறையும் சொறிக்கும் தினவுக்கும் பெரும்பாலும் வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், கந்தகம், மஞ்சள், குப்பைமேனி ஆகியவற்றையே நாடின. இவற்றுள் பெரும்பாலானவை முதல் வகை நோய்க்கே உரியவை. கந்தகம் தோலைத் துளைத்து வாழும் சொறிப்பூச்சியைக் கொல்கிறது. வேம்பும் புங்கும் பூச்சிகளை விலக்குகின்றன. எனினும் அந்த மருத்துவத்தின் மிகக் கூர்மையான பகுதி எண்ணெய்களில் அன்று, தொழுவத்தில் இடப்பட்ட மூட்டத்தில் இருந்தது. மாலை வேளையில் வேப்பிலையையும் நொச்சித் தழையையும் பச்சையாக இட்டுப் புகைக்கும் அவ்வழக்கம், கடிபூச்சிகள் மிகுதியாகக் கடிக்கும் அந்த ஒரு நாழிகையைச் சரியாகக் கணித்து அமைந்தது. பூச்சிக்கடி ஒவ்வாமைக்கு இன்றும் தோல் மருத்துவ நூல்கள் முதற்கண் கூறும் அறிவுரை, கடிபடாமல் காப்பதே. காரணத்தை அறியாமலேயே காரணத்தை விலக்கிய இந்த நடைமுறையைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது நியாயம் ஆகாது. பருவத்தையும் பொழுதையும் நெடுங்காலம் உற்றுநோக்கியவர்களே அதை உருவாக்கியிருக்க முடியும். அதே சமயம், நோயுற்ற மாட்டுக்குச் சூடு போடுதல் போன்ற கொடுமைகளும் அதே மருத்துவத்தோடு சேர்ந்தே வழங்கின என்பதை மறைப்பதும் நியாயம் ஆகாது.

இம்மூலிகைகளின் வரலாறு பழவேற்காட்டின் அரசியல் வரலாற்றை ஓரிடத்தில் வியக்கத்தக்க முறையில் தொடுகிறது. விஜயநகர அரசின் இசைவோடு 1610இல் இங்குக் காலூன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிமுடித்து, சோழமண்டலக் கரையில் தன் தலைமையிடமாக இவ்வூரையே வைத்திருந்தது. அத்தலைமையிடத்தை 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றக் காரணமாக இருந்தவர் கம்பெனியின் உயர் ஆணையராக வந்த ஹென்ட்ரிக் வான் ரீட். இவரே, மலையாளக் கரையில் ஆளுநராக இருந்த காலத்தில், உள்ளூர் வைத்தியர்களின் துணையோடு அப்பகுதியின் தாவரங்களைப் படம் எழுதித் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் பெருநூலுக்கு ஆசிரியர் ஆனவர். வேம்பும் புங்கும் குப்பைமேனியும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. கரையோரக் குடிசைகளின் வேலியில் யாரும் நடாமல் முளைக்கும் குப்பைமேனி, ஐரோப்பியத் தாவரவியலுக்குள் நுழைந்தது அந்நூலின் வழியே. பழவேற்காட்டின் வணிகச் செழிப்பை முடித்துவைத்த அதே கை அச்செடியின் புகழைத் தொடங்கிவைத்தது.

1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசம் ஆனபோது, அவர்களுடைய கால்நடை மருத்துவத்தின் அக்கறை முழுவதும் குதிரைமேல் இருந்தது. 1824இல் ஓசூரில் தொடங்கப்பட்ட பண்ணை படைக்குதிரைகளுக்காக ஏற்பட்டது. அக்குதிரைகளை வாட்டிய நோய்களுள் ஒன்று, மழைக்காலத்தில் தோன்றி ஆறாமல் கிடந்ததால் மழையைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லால் பர்சாத்தி எனப்பட்ட தோல்புண். ஈக்கள் புண்ணில் விட்டுச்செல்லும் ஒருவகை நுண்புழுக்களே அதற்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. அப்புழுக்களைவிட அவற்றுக்கு எதிராகக் குதிரையின் உடல் காட்டும் மிகையான எதிர்ப்பே புண்ணை ஆறவிடாமல் வளர்க்கிறது என்பது பின்னரே புரிந்தது. சுடுதலும் அறுத்தலும் தவிர வேறு வழியறியாத படை வைத்தியர்கள், தம் கண்முன் இருந்தது ஓர் ஒவ்வாமை நோய் என்பதை அறியாமலே அதனோடு போராடினர்.

வேப்பேரியில் டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் 20 மாணவர்களோடு 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, மாட்டையும் எருமையையும் பாடத்தின் நடுவே கொண்டுவந்தது. ஆனால் வெக்கை, அடைப்பான் போன்று ஊரையே அழிக்கும் கொள்ளைநோய்கள் உலவிய காலத்தில், உயிரைக் கொல்லாத தினவுக்கு மருத்துவரின் நேரம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. அதைக் குறையாகச் சொல்ல இயலாது. பக்கிங்காம் கால்வாயில் படகேறியே பட்டணம் சேர வேண்டியிருந்த குப்பத்து மக்களுக்கு வேப்பேரி மிகத் தொலைவாகவும் இருந்தது.

ஒவ்வாமை என்ற ஒன்று உண்டு என்று மருத்துவ உலகம் அறிந்துகொண்டதற்குக் கடலும் ஒரு நாயும் காரணமாக அமைந்தன. கடலில் வலை இழுப்போர் சொறி என்று அழைக்கும் இழுதுமீன் இனங்களும் அவற்றின் உறவினங்களும் தோலில் பட்டால் தடிப்பும் எரிச்சலும் உண்டாவதைக் கடற்கரை மக்கள் அனைவரும் அறிவர். 1901இல் மொனாக்கோ இளவரசரின் ஆய்வுக்கப்பலில் சென்ற சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், இவ்வகை உயிரியின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பாரிசுக்குத் திரும்பியபின் கடல் அனிமோனின் நஞ்சைக் கொண்டு நாய்களிடம் ஆய்வைத் தொடர்ந்தனர். சிறிதளவு நஞ்சைத் தந்து பழக்கினால் நாய்க்குக் காப்பு உண்டாகும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. முதல் ஊசியைத் தாங்கி நலமாக இருந்த நெப்டியூன் என்னும் நாய், ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்து அதே நஞ்சை மிகச் சிறிய அளவில் பெற்றதும் மூச்சுத்திணறி, அரைமணி நேரத்துக்குள் இறந்தது. உடலின் நினைவு காப்பாகவும் இருக்கலாம், கேடாகவும் இருக்கலாம் என்ற உண்மை 1902இல் வெளிப்பட்டது இவ்வாறுதான். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. மாறுபட்ட எதிர்வினை என்னும் பொருளில் அலர்ஜி என்ற பெயரை 1906இல் வைத்தவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. ஒவ்வாமையின்போது உயிரணுக்களிலிருந்து வெளிப்பட்டு அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளின் செயலை 1910 அளவில் ஹென்றி டேல் விளக்கினார். நாய்க்கும் மனிதனைப் போலவே மகரந்த ஒவ்வாமை தானாக வரும் என்பதை, 1941இல் அமெரிக்க மருத்துவர் விட்டிச் ஒரு நாயின் நோய்க்கூற்றைக் கொண்டு நிறுவி, அந்த மகரந்தத்தின் சாற்றையே சிறுகச் சிறுக ஊசியாக ஏற்றி அதற்கு மருத்துவமும் செய்தார்.

மருந்துகள் இதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1930களின் இறுதியிலிருந்து உருவான ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் மனிதருக்குப் பேருதவியாக அமைந்தபோதும் விலங்குகளிடம் ஏமாற்றத்தையே தந்தன. நாயின் அரிப்பை உண்டாக்குவதில் ஹிஸ்டமினின் பங்கு சிறிது என்பதே அதற்குக் காரணம் என்று பின்னாளில் தெரிந்தது. உண்மையான திருப்பம் 1948இல் வந்தது. சிறுநீரகத்தின் மேலமர்ந்த அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரிக்கப்பட்ட கார்ட்டிசோன் என்னும் பொருளை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலில் செலுத்தியபோது, படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950இல், ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கார்ட்டிசோனின் வழிவந்த பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டு மருந்துகள் உயிரணுவுக்குள் புகுந்து, வீக்கத்தைத் தூண்டும் பொருள்களின் உற்பத்தியையே மரபணு அளவில் அடக்குகின்றன. மெக்சிகோவின் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து இவற்றுக்கான மூலப்பொருளை எடுக்கும் வழி 1940களிலேயே கண்டறியப்பட்டிருந்ததால் விலையும் விரைவில் இறங்கியது. உலகின் எந்த மூலையிலும் கால்நடை மருத்துவரின் பையில் இடம்பெறக்கூடிய மருந்தாக ஸ்டீராய்டு ஆனது.

இம்மருந்தின் வலிமையே அதன் ஆபத்தாகவும் அமைந்தது என்பது இந்த வரலாற்றின் மையமான செய்தி. அரிப்பு எதனால் வந்தது என்று கேளாமலேயே அரிப்பை நிறுத்திவிடக்கூடிய முதல் மருந்து இது. மூட்டம் போட்டவர் பூச்சியை நினைத்தார். கந்தகம் தடவியவர் சொறியை நினைத்தார். ஸ்டீராய்டு ஊசியைப் போடுபவர் எதையும் நினைக்காமல் இருந்துவிட வழி ஏற்பட்டது. சொறிப்பூச்சியால் வாடும் ஆட்டுக்கு ஒவ்வாமை என்று எண்ணி இவ்வூசியைப் போட்டால், அரிப்பு இரண்டு நாள் அடங்கும். அதற்குள் எதிர்ப்பாற்றல் குன்றிய தோலில் பூச்சி பன்மடங்கு பெருகும். சினையின் இறுதி வாரங்களில் உள்ள பசுவுக்கோ வெள்ளாட்டுக்கோ டெக்சாமெத்தசோன் தரப்பட்டால் ஈற்றுநாள் வருமுன்பே கன்றோ குட்டியோ வெளிவந்துவிடும். ஈற்றைத் தூண்டுவதற்கென்றே மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துவதும் உண்டு. நெடுநாள் தரப்பட்ட நாய்க்கு வயிறு தொங்கி, தோல் மெலிந்து, நீர்வேட்கையும் பசியும் மிகும்; மருந்தைத் திடீரென நிறுத்தினால், இதற்குள் உறங்கிப்போன அதன் சொந்த அட்ரீனல் சுரப்பி விழித்தெழ முடியாமல் உயிருக்கே இடர் நேரலாம். மருத்துவரின் கண்காணிப்பில் சில நாட்களுக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தும்போது இதற்கு இணையான மருந்து இன்றும் அரிது. மருத்துவர் எட்டாத ஊர்களில், முறையான பயிற்சி பெறாதவர் கையில் அது வெறும் அரிப்பூசியாக மாறும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

தன்னெதிர்ப்பு நோய்களோ பெரும்பாலும் ஸ்டீராய்டு இல்லாமல் தொடக்கூட முடியாதவை. உடல் தன்னையே தாக்காது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் வகுத்த கருத்து நெடுங்காலம் மருத்துவ உலகைக் கட்டிப்போட்டிருந்தது. தோலின் உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் புரதத்தை எதிர்ப்பொருள்கள் தாக்குவதால் கொப்புளமும் பொருக்கும் உண்டாகும் பெம்பிகஸ் என்னும் நோயில், மனிதரிடம் அவ்வெதிர்ப்பொருள்கள் 1964இல் கண்டறியப்பட்டன. நாயிடம் அந்நோயின் ஒரு வடிவம் 1975இலும், மூக்கின் மேலும் காதிலும் பாதத்திலும் பொருக்குத் தட்டும் மற்றொரு வடிவம் 1977இலும் விவரிக்கப்பட்டன. குதிரையும் வெள்ளாடும்கூட இதற்கு விலக்கல்ல. ஒவ்வாமைக்குப் போதுமான அளவைவிட மிகுதியான பிரெட்னிசோலோன் இந்நோய்க்குத் தேவைப்படுகிறது. அதனோடு, எதிர்ப்பணுக்களின் பெருக்கத்தைத் தடுக்கும் அசாத்தியோப்ரின் போன்ற மருந்தையும் நாய்களுக்குச் சேர்த்துத் தருவதுண்டு. நார்வே நாட்டுப் பீடபூமி ஒன்றில் 1969இல் எடுத்த மண்ணில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின், முதலில் உறுப்பு மாற்று அறுவைக்குப் பயன்பட்டு, பின்னர் 2003இல் நாய்களின் ஒவ்வாமைத் தோல்நோய்க்கென அமெரிக்காவில் ஏற்பு பெற்றது.

அண்மைய மருந்துகள் அரிப்பின் செய்தியையே குறிவைக்கின்றன. 2004இல் கண்டறியப்பட்ட இன்டர்லியூகின்-31 என்னும் புரதம், தோலிலிருந்து நரம்புக்கு அரிப்புணர்வைக் கொண்டுசெல்கிறது. அச்செய்தியை உயிரணுவுக்குள் கடத்தும் நொதியைத் தடுக்கும் ஒக்லாசிட்டினிப் மாத்திரை 2013இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. அப்புரதத்தையே பற்றிச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளான லோக்கிவெட்மாப் ஊசி அதற்குச் சில ஆண்டுகளுக்குப்பின் வந்தது. ஸ்டீராய்டின் கேடுகள் பெரும்பாலும் இவற்றில் இல்லை. ஆயினும் இவை நாய்களுக்காகவே, அதிலும் மாதந்தோறும் மருந்துச் செலவைத் தாங்கக்கூடிய வீட்டு நாய்களுக்காகவே உருவானவை. லோக்கிவெட்மாப் நாயின் புரதத்துக்கு ஏற்ப வடிக்கப்பட்டது என்பதால் மற்ற விலங்குக்குப் பயன்படாது. ஒக்லாசிட்டினிபும் பாலுக்கோ இறைச்சிக்கோ வளர்க்கும் விலங்குக்கு ஏற்பு பெறவில்லை. குப்பத்தில் ஆடு வளர்க்கும் பெண்ணுக்கு இக்கண்டுபிடிப்புகளால் இதுவரை எந்தப் பயனும் இல்லை. மருந்தாய்வின் திசையை நோயின் பரப்பைவிட வாங்கும் திறனே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அக்கரைக்கு உரிய மருந்துப்பொருள் ஒன்று குப்பத்து மக்களின் வலையிலேயே கிடந்தது. சென்னை மாகாணத்தின் மீன்வளத்தை ஆராயும் பொறுப்பை இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தில் ஏற்ற சர் ஃபிரடெரிக் நிக்கல்சன், மேற்குக் கரையில் மத்தி மீனெண்ணெய்த் தொழிலைச் சீர்செய்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காட் மீனெண்ணெய் இறக்குமதி தடைப்பட்டபோது, சென்னை அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெயை எடுக்கத் தொடங்கியது. அவ்வெண்ணெய் அன்று உயிர்ச்சத்துக்காகவே மதிக்கப்பட்டது. கொழுப்பே இல்லாத உணவைத் தின்ற எலிகளுக்குத் தோல் செதில்செதிலாக உரிந்ததை 1929இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் இணையர் கண்டறிந்து, சில கொழுப்பு அமிலங்கள் தோலுக்கு இன்றியமையாதவை என்று நிறுவினர். மத்தி போன்ற மீன்களின் எண்ணெயில் மிகுதியாக உள்ள ஒமேகா-3 அமிலங்கள் வீக்கத்தைத் தணிப்பதால், ஒவ்வாமையுற்ற நாய்களின் உணவில் அவற்றைச் சேர்ப்பது 1980களிலிருந்து வழக்கமாகியுள்ளது. பயன் தெரியச் சில மாதங்கள் ஆகும். தனித்துநின்று நோயைத் தீர்க்கவும் செய்யாது. எனினும் தேவைப்படும் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க அது உதவுகிறது. மீனே ஒவ்வாத நாய்களும் சில உண்டு என்பதை மட்டும் மருத்துவர் நினைவில் கொள்ள வேண்டும்.

பூச்சியை ஒழிப்பதே ஒவ்வாமைக்கு முதல் மருந்து என்ற பழைய பாடத்துக்கு மருத்துவம் மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் ஏரிக்கரையில் அதற்கு ஒரு தனி விலை உண்டு. உண்ணிக்கும் பேனுக்கும் ஒரு தலைமுறைக்காலம் தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. தூள், மண்ணிலும் பாலிலும் நெடுங்காலம் தங்கும் நஞ்சு என்பதால் 1997இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்த சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. ஆனால் மீனுக்குக் கொடியவை, இறாலுக்கும் நண்டுக்கும் அதனினும் கொடியவை. உண்ணியும் இறாலும் கணுக்காலிகள் என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றின் நரம்பைத் தாக்கும் மருந்து மற்றதையும் விடுவதில்லை. மருந்து தெளித்த எருமையை அன்றே கழியில் இறக்குவதும், மீந்த மருந்துநீரைக் கரையில் கொட்டுவதும், அதே வீட்டின் வலையில் விழ வேண்டிய இறால்குஞ்சுகளை அழிக்கும் செயலாகிவிடும். 1981இல் கால்நடைகளுக்கு வந்த ஐவர்மெக்டின் ஊசி இவ்வகையில் மேலானது என்றாலும், சாணத்தில் வெளியேறும் அதன் எச்சம் சாணவண்டுகளைக் கொல்கிறது; பால் தரும் விலங்குக்கு அதைத் தரும்போது, குறித்த நாட்கள் பாலை விலக்கவும் வேண்டும்.

1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்னெடுத்த மரபுவழி மூலிகை மருத்துவப் பணியில், குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, மஞ்சள், பூண்டு ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் காய்ச்சித் தோல் புண்ணுக்குத் தடவும் முறை மீண்டும் வழக்குக்கு வந்துள்ளது. இது தன்னெதிர்ப்பு நோய்க்கு மருந்தன்று. ஒவ்வாமையின் வேரையும் இது தொடாது. சொறிந்து சொறிந்து கிழிந்த தோலில் கிருமி சேராமல் காத்து, ஈயை விலக்கி, மருத்துவர் வந்து சேரும்வரை நோயை முற்றவிடாமல் வைப்பதே இதன் பணி. கழியில் கரைந்தால் இறாலைக் கொல்லும் செயற்கை மருந்து இதில் ஏதும் இல்லை என்பதும், வேலியோரத்தில் காசின்றிக் கிடைக்கும் என்பதும் பழவேற்காட்டுக் கரையைப் பொறுத்தவரை சிறிய செய்திகள் அல்ல. இத்தகைய முதலுதவிக்கும் வேப்பேரியின் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட 60 கிலோமீட்டரில், சொறிப்பூச்சி நோயை ஒவ்வாமையிலிருந்தும் தன்னெதிர்ப்பிலிருந்தும் பிரித்தறிய ஒரு தோல்சுரண்டலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் ஏற்பாடு குப்பங்களுக்கு அருகிலேயே அமையுமானால், இந்த நூற்றாண்டில் கண்டறிந்த விலையுயர்ந்த மருந்துகளைவிட அது அக்கரையின் ஆடுகளுக்கு அதிகம் உதவும்.